மறுக்கிறார் என்று எழுதப்பட்ட பெண்: பேச்சிப்பாறை மலையிலிருந்து ஒரு பேறுகால நிகழ்வு ஆய்வு

மகப்பேறு பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ஒரு குறிப்பு இருந்தது. ‘மருத்துவமனைப் பிரசவத்துக்கு மறுக்கிறார். காரணம்: பழங்குடி நம்பிக்கை.’ அவ்வளவுதான். இப்படி ஒரு வரி எழுதியாகிவிட்டால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை, ஏனென்றால் நம்பிக்கை என்பது அவருடைய பாடு, நம்முடையது இல்லை என்று ஆகிவிடுகிறது. இந்த நிகழ்வை விரிவாக எழுத உட்கார்ந்ததே அந்த வரியால்தான். கன்னியாகுமரி மாவட்டத்தில் மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் பிரசவம் பார்க்கும் செவிலியர் நான். அந்தப் பெண்ணிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊர், குடும்பம் பற்றிய அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் மீதியிருக்கும் சொற்பப் பேரில் ஒருவர் நம் எல்லைக்குள் இருந்தால் அவரை எப்படியாவது உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும் என்பதிலேயே எல்லாருடைய கவனமும் போய்விடுகிறது. வந்தபிறகு அவரை எப்படி நடத்தினோம் என்பதற்கு எங்கள் மாத அறிக்கையில் கட்டம் கிடையாது.

யார், எங்கிருந்து

வயது 24. காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்றைச் சேர்ந்தவர். இரண்டாவது கர்ப்பம். முதல் குழந்தைக்கு நாலு வயது. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் நீர்ப்பரப்புக்கு அப்பால் இருக்கிறது அவர் வீடு, அதாவது படகு ஏறி இறங்கி, அப்புறம் காட்டுவழியாக நடந்துதான் போக வேண்டும். கணவரும் அவரும் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள். விடிவதற்கு முன்னாலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய் வெட்டுப் போட்டு, வெயில் ஏறியபிறகு சிரட்டைகளில் சேர்ந்த பாலை எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்து, எல்லாம் முடியும்போது பத்து மணி தாண்டிவிடும்.

எங்கள் கர்ப்பிணிகள் சிறப்பு நாள் செவ்வாய்க்கிழமை. காலையில்தான் கூட்டம் நடக்கும், மதியத்துக்குள் ஆய்வகம் மாதிரி வாங்குவதை நிறுத்திவிடும். அவர் வெட்டை முடித்து, படகைப் பிடித்து வந்துசேர்ந்தால் எல்லாம் முடிந்திருக்கும். இரண்டுமுறை அப்படித் திரும்பிப் போயிருக்கிறார். பதிவேட்டில் அதற்கு ‘தொடர் பரிசோதனைக்கு வருவதில்லை’ என்று இன்னொரு குறிப்பு.

28 வாரத்தில் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வந்தபோது ஹீமோகுளோபின் 8.1. கர்ப்பிணிக்குப் பதினொன்றுக்குக் கீழே போனாலே ரத்தசோகை, ஏழிலிருந்து 9.9 வரை நடுத்தரம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டதற்கு ஆமாம் என்றிருக்கிறார். பொய் சொல்கிறார் என்று எங்கள் நிலையத்தில் ஒருவர் சொன்னார்.

அவர் பொய் சொல்லவில்லை. அது பின்னால்.

மறுப்பு என்று எதைச் சொன்னார்கள்

கிராம சுகாதார செவிலியரோடு நானும் மேலே போனேன். திண்ணையில் மாமியார், பக்கத்து வீட்டு அம்மா, நாலைந்து பிள்ளைகள். அத்தனை பேர் முன்னாலும் ‘ஏன் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கிற’ என்று கேட்டால் எந்தப் பெண்ணும் தரையைத்தான் பார்ப்பாள். எடை பார்க்கிற சாக்கில் அவரை மட்டும் வீட்டின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனோம். நல்ல மிளகுக்கொடி படர்ந்த ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பேசினோம். கேள்வியையும் மாற்றிக் கேட்டேன்: “முதல் பிள்ளைப் பேறு எப்பிடி இருந்துச்சு பிள்ளே, அதச் சொல்லு.”

கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “நான் வரமாட்டேன்னு ஒருநாளும் சொல்லல்ல சிஸ்டரே” என்றார். “ராத்திரி வலி வந்தா எப்பிடி வருவேன்? படகு கெடையாது. வழியில ஆனை நிக்கும். ஜீப்புல வச்சுப் பெறதுக்கு வீட்டுலயே பெத்துக்கலாம்னுதான் சொன்னேன்.”

இது முதல் காரணம். இரண்டாவது, நாலு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு வர முடியாது. கணவர் வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை, மாமியார் கூட வந்தால் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. மூன்றாவதைச் சொல்லத்தான் அவருக்குச் சிரமமாக இருந்தது. முதல் பிரசவத்தில் இரும்புக் கட்டிலில் மல்லாக்கக் கிடத்தி வைத்திருந்தார்கள், கூட வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டார்கள், கேட்காமலே சிரைத்துவிட்டார்கள், வலியில் கத்தியதற்கு அவர் பிறந்த இனத்தைச் சொல்லி ஒருவர் பேசியிருக்கிறார். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. அந்தப் பேச்சை அவர் எனக்கு அப்படியே திருப்பிச் சொன்னார், நாலு வருடம் கழிந்தும் ஒரு வார்த்தை மாறாமல். அதை இங்கே எழுத எனக்கு மனசில்லை.

நான்காவதாகத்தான் வழக்கம் வந்தது. மறுபிள்ளையை, அதாவது நஞ்சுக்கொடியை, வீட்டு மண்ணில் புதைக்க வேண்டும். வலியில் படுக்காமல் கயிறு பிடித்துக் குந்தியிருக்க வேண்டும். பேறு முடிந்தபின் பச்சிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் குளிக்க வேண்டும். அவர் மாமியாருக்கு இன்னொன்றும் உண்டு: குடியிருப்பின் பூசாரியும் வைத்தியருமான பிலாத்தி வந்து சாற்று என்ற சடங்குப் பாட்டைப் பாடி முடித்தபிறகுதான் மலையை விட்டு இறங்க வேண்டும்.

ஆக நாலு காரணம். அதில் மூன்று: படகு, பிள்ளை, அவமானம். இந்த மூன்றுக்கும் பழங்குடி நம்பிக்கைக்கும் என்ன சம்பந்தம்? கலாச்சாரம் பார்த்துச் சிகிச்சை தர வேண்டும் என்று கருத்தரங்குகளில் நிறையப் பேசுகிறோம். நல்லதுதான். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, நம் சேவையில் உள்ள ஓட்டைகளையெல்லாம் அவர்கள் கலாச்சாரத்தின் தலையில் கட்டிவிட அது வழி செய்துவிடும். முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும். வழக்கத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

மாத்திரை விஷயம் அந்த மரத்தடியில்தான் தெரிந்தது. தினமும் தவறாமல் சாப்பிட்டிருக்கிறார், விடியற்காலை வெட்டுக்குக் கிளம்பும்போது கட்டன் சாயாவோடு. தேயிலையில் இருக்கிற டானின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. கூடவே வெறும் வயிற்றில் குமட்டல் வேறு. மத்தியானம் கஞ்சி குடித்துக் கொஞ்சநேரம் கழித்து, ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டு போடச் சொன்னோம், அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணிநேரம் சாயா வேண்டாம் என்று. நெல்லிக்காய்க்கு அந்த மலையில் பஞ்சமில்லை. அதோடு நிலையத்துக்கு வரவைத்து இரும்புச் சுக்ரோஸ் மருந்தை உப்புக் கரைசலில் கலந்து நரம்பு வழியாகச் சில தவணைகளில் ஏற்றினோம், மதியம் வந்தாலும் ஏற்றுவது என்று மருத்துவ அலுவலர் ஒத்துக்கொண்டதால். 37 வாரத்தில் 10.3 வந்துவிட்டது. பத்தைத் தாண்டாவிட்டால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம், அவரும் சரி என்றிருந்தார். மறுக்கிற ஆள் என்று பேர் வாங்கியவர் அதற்கு ஒரு பேச்சும் பேசவில்லை. ஏன் என்று விளக்கியதும் சரி என்றார்.

எது வளையும், எது வளையாது

செவிலியர் படிப்பில் மேடலின் லைனிங்கரின் கோட்பாட்டை எல்லாரும் தேர்வுக்குப் படித்திருப்போம். ஒரு பெண்ணின் வழக்கத்தை மூன்று விதமாக அணுகலாம் என்றார் அந்த அமெரிக்கச் செவிலியர். தீங்கில்லாததை அப்படியே காப்பாற்று, சிலவற்றில் இருவரும் பேசி ஒத்துவா, தீங்கானதை அவரோடு சேர்ந்தே மாற்றியமை. தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியதை இந்தப் பெண்ணின் தாய் சேய் நல அட்டைக்குப் பின்னால் ஒரு தாளில் எழுதி ஒட்டியபோதுதான் அது எவ்வளவு நடைமுறைக்கு உதவுகிற விஷயம் என்று எனக்கு உறைத்தது.

சாற்றுப் பாடுவதில் நமக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசிக்கொண்டு இரவு முழுக்கப் பாடுவார்கள். பாடி முடித்து இறங்கட்டும் என்றோம், ஆனால் எந்த நாளுக்குள் என்பதை மட்டும் பேசி முடிவு செய்தோம். நாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்து எங்கள் நிலையத்தின் காத்திருப்பு அறையில் தங்குவது, நாலு வயதுப் பிள்ளையும் மாமியாரும் கூடவே வருவது, இரண்டுபேருக்கும் சேர்த்துச் சாப்பாடு. இதற்கு மாமியாரும் மறுபேச்சு பேசவில்லை. படகும் ஆனையும் அத்தோடு தீர்ந்தது.

சிரைப்பது கிடையாது, எனிமா கிடையாது. இதெல்லாம் அவருக்காகச் செய்த சலுகை இல்லை. வழக்கமாக எல்லாருக்கும் செய்யத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2018 பரிந்துரைகளில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே பரிந்துரையில்தான் பெண் தான் விரும்பிய துணையை வைத்துக்கொள்வதும், தனக்கு வசதியான நிலையில் பெறுவதும் இருக்கிறது. ஆக மலையிலிருந்து வந்த ஒரு கோரிக்கை மருத்துவத்துக்கு எதிரானது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தபோது, மருத்துவம் ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது.

துணை யார் என்பது இன்னொரு பாடம். படிவத்தில் வழக்கமாக அம்மா அல்லது மாமியார் பெயரை எழுதுவார்கள். அவரைத் தனியாகக் கேட்டபோது, “மைனி இருந்தா போதும்” என்றார். அண்ணன் மனைவி. மாமியார் பக்கத்தில் இருந்தால் வாய்விட்டுக் கத்தக்கூட முடியாது என்றார். காணிக்காரர் குடும்பம், மாமியார்தான் எல்லாம் என்று நாமே முடிவு கட்டியிருந்தால் அவருடைய பிரசவ அறைக்குள் அவருக்கு வேண்டாதவரை நாமே கொண்டுவந்து நிறுத்தியிருப்போம். மாமியாருக்கும் மனவருத்தம் இல்லாமல் ஒரு வழி பார்த்தோம்: பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும், பேறுக்குப் பின் வேதுத் தண்ணீர் என்கிற அந்தப் பச்சிலைத் தண்ணீர் போடுவதும் அவர் பொறுப்பு.

குந்தியிருந்து பெறுவதில்தான் நிறைய யோசித்தேன். நிமிர்ந்த நிலையில் பெற்றால் ஆயுதம் போட்டு எடுப்பது குறைகிறது, கீழே வெட்டுவது குறைகிறது, குழந்தையின் இதயத்துடிப்புக் கோளாறும் குறைகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதே தொகுப்பில் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போகிற வாய்ப்பு கொஞ்சம் கூடலாம் என்றும் இருக்கிறது. ரத்தசோகையிலிருந்து இப்போதுதான் மீண்டுவருகிற பெண்ணுக்கு அந்தக் கொஞ்சம் பெரிய விஷயம். அதனால் இப்படிப் பேசிக்கொண்டோம்: பிள்ளை வருகிறவரை உன் இஷ்டம், குந்து, மண்டியிடு, நட. பிள்ளை வந்த உடனே ரத்தப்போக்கைக் குறைக்கிற ஊசி போடுவேன், நீ கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்ள வேண்டும், போகிற ரத்தத்தை நான் அளக்க வேண்டும். “அதுக்குப் பொறவு படுத்தா என்ன” என்று சிரித்தார்.

வளையாத இடங்களும் இருந்தன. வலியை விரைவுபடுத்த ஒரு வேர்க் கஷாயம் கொடுப்பார்கள் அந்தப் பக்கம். அது வேண்டவே வேண்டாம் என்றேன். கருப்பையை இறுக்குகிற மருந்து எதுவானாலும் அளவு தெரியாமல் கொடுத்தால் வலி விடாமல் இறுக்கிக் குழந்தைக்கு மூச்சு திணறும், கருப்பை கிழியவும் கூடும். நாங்களே சொட்டுக் கணக்குப் பார்த்துத்தான் ஏற்றுகிறோம் என்பதை மாமியாரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “அப்ப பேறு கழிஞ்சு மருந்து குடுக்கலாமா மக்ளே?” என்றார். மிளகு, சுக்கு, பூண்டு, கருப்பட்டி சேர்த்துக் கிண்டுகிற பேறுகால மருந்து தாராளமாகத் தரலாம். பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைப்பது, தொப்புளில் எதையாவது பூசுவது, பெற்றவளுக்குத் தண்ணீர் தராமல் வைப்பது இந்த மூன்றும் கூடாது என்பதையும் காரணத்தோடு சொன்னதும் ஏற்றுக்கொண்டார். தண்ணீர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் இழுபறி, கடைசியில் சுக்கு வெள்ளமாகக் கொடுப்பது என்று முடிந்தது. எத்தனை தடவை வேண்டுமானாலும் குடிக்கட்டும்.

பேறு

காத்திருப்பு அறைக்கு வந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும், நல்ல மழை, ராத்திரி பதினொன்றுக்கு வலி பிடித்தது. மேலே இருந்திருந்தால் அந்த மழையில் ஒன்றும் செய்திருக்க முடியாது.

பரிசோதிக்கும் முன் ஒவ்வொரு தடவையும் கேட்டேன். அவருடைய சொந்தத் தோர்த்தையே, அதாவது துண்டையே, மேலே போர்த்தியிருந்தார். நாலு மணிநேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் உள்பரிசோதனை இல்லை, குழந்தையின் துடிப்பை மட்டும் அரைமணிக்கு ஒருதரம் கேட்டுப் பதிவு செய்தேன். மைனி இடுப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், ஒரு கையால் தேய்ப்பதும் இன்னொரு கையால் கஞ்சித் தண்ணீரை வாயில் வைப்பதுமாக. எங்கள் பிரசவ அறையில் கயிறு கட்ட வழியில்லை. கட்டில் கம்பியில் ஒரு நீளத் துணியை முறுக்கிக் கட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, அதைப் பிடித்துக்கொள் என்றேன். தரையில் பாய், அதன்மேல் சுத்தமான விரிப்பு. நான் எதிரே முழங்காலிட்டிருந்தேன். ஐம்பதைத் தொடும் வயதில் இது சுலபம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குந்திப் பெறவிடுவதற்குப் பல அறைகளில் உண்மையான தடை பார்ப்பவரின் முதுகுவலிதான். அதைத் தீர்க்கத் தாழ்ந்த ஒரு ஸ்டூல் போதும். இப்போது வாங்கி வைத்திருக்கிறோம்.

அவர் கத்தினார். நன்றாகவே கத்தினார். யாரும் எதுவும் சொல்லவில்லை.

மூன்றரை மணிக்குப் பெண் குழந்தை, 2.7 கிலோ. உடனே அழுதது. அம்மாவின் நெஞ்சில் போட்டு, ஒரு நிமிடத்துக்குள் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போட்டு, கொடியின் துடிப்பு நின்றபிறகு வெட்டினோம். கைத்தாங்கலாகக் கட்டிலில் ஏற்றினோம். நஞ்சுக்கொடி பத்து நிமிடத்துக்குள் முழுசாக வந்தது. ரத்தப்போக்கு சுமார் 300 மில்லி. தையல் தேவைப்படாத சிறு கீறல். ஒரு மணிநேரத்துக்குள் குழந்தை சீம்பால் குடித்தது. குழந்தையை அன்று குளிப்பாட்டவில்லை, துடைத்துப் போர்த்தி வைத்தோம். மறுநாள் மாமியார் அம்மாவுக்குப் பச்சிலைத் தண்ணீர் போட்டார், வெதுவெதுப்பாக, வயிற்றில் ஓங்கி அடிக்காமல், என் கண்முன்னாலேயே.

ஒத்துவராமல் போன ஒன்று

நஞ்சுக்கொடி விஷயத்தில் எங்களால் அவர்கள் கேட்டதைச் செய்ய முடியவில்லை. 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி அது மஞ்சள் பைக்குள் போக வேண்டிய உடற்கழிவு. பிரசவத்துக்கு முன்பே மாமியாரிடம் இதைச் சொன்னேன், அங்கே வந்தபிறகு சண்டை வரக்கூடாது என்று. “அது எரிக்கப்பிடாது மக்ளே, மண்ணுக்குத்தான் போணும்” என்றார். அவர் சொன்னதில் எனக்குத் தவறாக எதுவும் தெரியவில்லை, என் பாட்டி வீட்டிலும் தோட்டத்தில்தான் புதைத்தார்கள். கடைசியில் பேசி முடித்தது இது: நஞ்சுக்கொடியை மைனியும் மாமியாரும் பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தபிறகுதான் பையில் போடுவோம். குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அதை வீட்டு மண்ணில் புதைத்துக்கொள்வார்கள். அப்படியே நடந்தது. மாமியாருக்கு இதில் இன்றும் மனத்தாங்கல் உண்டு, மறைக்காமல் சொல்கிறார். பேசி ஒத்துவருவது என்றால் இருவருக்கும் நிறைவாக முடியும் என்று பொருளில்லை.

நியூசிலாந்தில் மவோரிச் செவிலியர் இரிஹபெட்டி ராம்ஸ்டன் முன்வைத்த பண்பாட்டுப் பாதுகாப்பு என்ற கருத்தை அந்நாட்டுச் செவிலியர் மன்றம் 1992-இல் செவிலியர் கல்விக்குள் கொண்டுவந்தது. பிற சமூகங்களின் பழக்கங்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதை அவர் கேட்கவில்லை. செவிலியர் தன் கையில் இருக்கிற அதிகாரத்தை உணர வேண்டும், கிடைத்த கவனிப்பு பாதுகாப்பானதா இல்லையா என்பதைப் பெற்றுக்கொண்டவர்தான் சொல்ல வேண்டும் என்றார். இந்த நிகழ்வை நான் வெற்றி என்று எழுதலாமா என்பதைக்கூட அந்தப் பெண்ணிடம்தான் கேட்டேன். “என்னைய யாரும் ஏசல்ல” என்றார். முதலில் அவர் சொன்னது அதுதான். குந்தியிருந்ததும் கயிறும் பிறகு வந்தன.

மற்ற கட்டில்களில்

இந்த மாவட்டம் சின்னது, ஆனால் பிரசவ அறைக்குள் வருகிறவர்கள் அத்தனை விதம். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய முடியாது என்பதற்கு இன்னும் சிலரைச் சொல்ல வேண்டும்.

தூத்தூர், சின்னத்துறை பக்கத்துக் கடற்கரைப் பெண்களுக்குக் கணவர் பல வாரம் ஆழ்கடலில் இருப்பார், குஜராத் கடல் வரைகூடப் போகிற படகுகள் அவை. அறுவை தேவைப்படும்போது ‘வீட்டுக்காரர் கையெழுத்து எங்கே’ என்று கேட்டு நேரத்தைக் கடத்துவதை நான் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். வயது வந்த, சுயநினைவோடு இருக்கிற பெண்ணின் சம்மதம் அவருடையது, அவர் கையெழுத்தே போதும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்ததற்குப் பிறகு அந்தக் கரையில் காற்று எச்சரிக்கை வந்தாலே வலியில் கிடக்கிற பெண்ணின் கவனம் கடலுக்குப் போய்விடும். செல்போனைப் பிடுங்கி வைப்பதைவிட, படகு எங்கே ஒதுங்கியிருக்கிறது என்று வெளியே இருப்பவர்களை விசாரித்துச் சொல்லச் செய்வது எவ்வளவோ மேல்.

தேங்காப்பட்டணம், திருவிதாங்கோடு பக்கத்து முஸ்லிம் பெண்கள் பலர் கேட்பது பெண் பணியாளர்கள் மட்டும் இருக்கட்டும் என்பது. ஆண் மருத்துவர் வரவேண்டிய நிலை வந்தால் முன்கூட்டியே சொல்லி, மூட வேண்டியதை மூடினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். குழந்தையின் காதில் பாங்கு சொல்ல ஒரு நிமிடம் ஆகும், அதற்குக்கூட இடம் தராத அறைகள் இருந்தால் வருத்தம்தான். நோன்பு மாதத்தில் கர்ப்பிணிக்கு மார்க்கத்திலேயே விலக்கு உண்டு, ஆனாலும் பிடிப்பேன் என்கிறவரிடம் கோபப்படாமல், நீரிழிவு இருக்கிறதா, ரத்தம் எவ்வளவு என்று பார்த்துப் பேச வேண்டும், இரும்பு மாத்திரையை இஃப்தாருக்குப் பிறகு மாற்றித் தர வேண்டும்.

எல்லாரையும்விட நான் அதிகம் கவலைப்படுவது ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வந்து, இங்கேயே கருவுற்றுப் பெறுகிற பெண்களைப் பற்றி. அவர்களுக்கு மைனியும் கிடையாது மாமியாரும் கிடையாது. மொழிபெயர்க்க வருவது மேஸ்திரி, அதாவது அவருக்குக் கூலி கொடுக்கிற ஆண். அவர் முன்னால் மாதவிடாய்த் தேதியைச் சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? இந்தியில் கேட்டுவிட்டால் போதும் என்றும் நினைக்கிறோம், பலருக்கு அது இரண்டாவது மொழி. கூட வேலைசெய்கிற இன்னொரு பெண்ணைக் கூட்டிவரச் சொல்வதும், வலி, தண்ணீர், முக்கு, முக்காதே, ரத்தம் போகிறதா போன்ற வார்த்தைகளை அவர் குரலிலேயே செல்போனில் பதிந்து வைத்துக்கொள்வதும் எங்களுக்கு உதவுகிறது. இந்தப் பெண்களுக்கு ரத்தம் குறைவாக இருந்தால் இரும்பு மாத்திரையோடு நிறுத்திவிடக் கூடாது, அரிவாள் செல் ரத்தசோகையும் மலேரியாவும் அவர்கள் ஊர்ப்பக்கம் அதிகம் என்பதால் அந்தப் பரிசோதனைகளையும் எழுத வேண்டும். எந்த மாநிலத்தவராக இருந்தாலும் அரசு மருத்துவமனையில் பிரசவமும் மருந்தும் சாப்பாடும் போக்குவரத்தும் இலவசம் என்பது 2011 முதல் இருக்கிற ஏற்பாடு, அதை அவர்களுக்குச் சொல்கிறவர்கள்தான் குறைவு.

இப்போது நடப்பது

எங்கள் நிலையத்தில் செவ்வாய்க்கிழமைகளில் வெட்டுத் தொழிலாளிப் பெண்களுக்கு மதியமும் ரத்தம் எடுக்கிறோம். ஏழாம் மாதத்தில் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துக் கேட்கிறோம்: போன பேறு எப்படி இருந்தது, யார் கூட இருக்க வேண்டும், எப்படி இருந்து பெற நினைக்கிறீர்கள், குழந்தை பிறந்ததும் உங்கள் வீட்டில் என்ன செய்வார்கள், எங்களிடம் வர எது தடை. பதில் அட்டையின் பின்னால் போகிறது, இரவுப் பணியில் யார் இருந்தாலும் எடுத்துப் படிக்கலாம். ‘மறுக்கிறார்’ என்று எழுதினால் அவர் சொன்ன வார்த்தையையும் பக்கத்தில் எழுத வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. படகு மட்டும் இன்னும் பகலில்தான்.

அந்த மைனிக்கு இப்போது ஏழாம் மாதம். போன வாரம் வெட்டை முடித்த கையோடு வந்தார், சட்டையில் ஒட்டுப்பால் அப்படியே இருந்தது. இடுப்பைத் தேய்த்துக்கொண்டு இரவெல்லாம் பக்கத்தில் நின்றவர், தனக்கும் அதே மாதிரி கேட்பார் என்றுதான் நினைக்கத் தோன்றும். கட்டிலில் படுத்துத்தான் பெறுவேன், என் மாமியார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். அட்டையில் அப்படியே எழுதியிருக்கிறோம்.